கண்ணுக்குத் தெரிகிற பிழைப்பு

மடிப்பிச்சை எடுக்க நான் போத்தனூரைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அங்கே என்னை யாருக்கும் தெரியாது என்பதுதான்.

என் மகனுக்கு நாற்பது வயதுக்கு மேல் அம்மை போட்டது. சின்ன வயதில் வந்திருந்தால் வேப்பிலையில் படுக்கவைத்து, மூன்று தண்ணீர் ஊற்றி எழுப்பியிருக்கலாம். வளர்ந்த ஆளுக்கு வந்தால் அது வேறு மாதிரி. கண்ணுக்குள்ளேயே ஒரு முத்து இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் மருந்து ஒரு பக்கம் நடக்க, நான் இன்னொரு பக்கம் நின்று, பார்வை பிழைத்தால் ஏழு தெரு மடியேந்தி வந்து பொங்கல் வைக்கிறேன் என்று மாரியம்மனிடம் சொல்லிவிட்டேன். பார்வை பிழைத்தது. அதன் பிறகு என் சொல்தான் பாக்கி.

மடிப்பிச்சைக்கு வசதி உள்ளவர், இல்லாதவர் என்ற பேதமில்லை. காரில் வந்து இறங்கி முந்தானை விரிப்பவர்களும் உண்டு. மஞ்சள் சேலை கட்ட வேண்டும், வெறுங்காலோடு நடக்க வேண்டும். கொடுப்பதை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. பிச்சையா என்று யாராவது கேட்டால் இல்லை என்றும் சொல்லக் கூடாது. மடியில் விழுந்த அரிசி கோயிலுக்குப் போகிறவரை தரையைத் தொடக் கூடாது. எங்கள் வீட்டில் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள்.

துடியலூரில் எனக்குத் தெரியாத வாசல் இல்லை. பனியன் துணியில் பிசிறு வெட்டும் வேலையை வீட்டுக்கு வாங்கிச் செய்கிறவள் நான். கட்டுக் கொண்டுவருகிறவர், வாங்கிப் போகிறவர், பக்கத்து வீட்டில் அதே வேலை செய்கிற பெண்கள் என்று எல்லோரும் பார்ப்பார்கள். சும்மா பேசுவதற்கே எனக்குச் சத்தம் எழும்பாது. தெரிந்த வாசலில் போய் எப்படிக் கேட்பது? இரண்டு பேருந்து மாறிப் போத்தனூர் போனேன்.

நான்கு தெரு நன்றாகவே போனது. வாய் திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை. மஞ்சள் சேலையைப் பார்த்ததும் உள்ளே போய் அரிசியோடு வந்தார்கள். ஐந்தாவது தெருவில் தார்ச்சாலை காலைச் சுட்டது, நாக்கு வறண்டுபோனது. சாத்தியிருந்த ஒரு கடைப் படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். நான் கேட்கவில்லை, அவளாகவே எழுந்து வந்து என் மடியில் ஒரு காசு போட்டாள்.

அவள் கையைப் பார்த்தேன். மணிக்கட்டு வரைக்கும் மஞ்சள்.

"உங்களுக்கும் வேண்டுதலுங்களா அம்மணி?"

அவள் சிரித்துவிட்டாள். "வேண்டுதலா? இது ஈரோட்டு மஞ்ச மண்டிக் கைங்க அக்கா. விரலி வேற, கிழங்கு வேற பொறுக்கிப் போடற வேலை. எத்தன தேச்சாலும் போகாது. என்னையச் செத்து எரிச்சாலும் எலும்பு மஞ்சளாத்தான் கெடக்கும்."

அக்கா மகளைப் பார்க்க வந்தாளாம். வீடு பூட்டியிருந்ததாம். சாயங்காலம் வருவார்கள் என்று உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு துணிப்பை, அதில் மாற்றுச் சேலையும் முறுக்குப் பொட்டலமும். போன் இல்லை.

எதிரில் குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. குனிந்து குடிக்க எனக்கு இரண்டு கையும் வேண்டும். அரிசியைக் கீழே வைக்க முடியாது.

"ஒரு நிமிசம் இதப் புடிக்கிறீங்களா அம்மணி? கீழ வெக்கக் கூடாது."

"கொட்டுங்க கொட்டுங்க" என்று முந்தானையை விரித்தாள். "ஆத்தா அரிசி செத்த நேரம் என்ற மடியில இருந்தா எனக்கும் புண்ணியந்தான்."

நான் தண்ணீர் குடித்து முகம் கழுவிக்கொண்டு திரும்பியபோது, அவள் முன்னால் ஒரு வேன் நின்றது. இரண்டு போலீஸ்காரர்களும், நோட்டும் பேனாவுமாக ஒருவரும் இறங்கியிருந்தார்கள். ஊரில் ஏதோ பெரிய மாநாடாம், வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்களாம், தெருவைச் சுத்தம் செய்கிறார்களாம். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது நான் பார்த்தது, மடி நிறைய அரிசியும் காசுமாக அவள் விழித்துக்கொண்டு நின்றதைத்தான்.

ஓடிப்போய், அது என்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். நடந்துதான் போனேன். போய்ச் சேர்ந்த பிறகும் வாய் திறக்கவில்லை.

நோட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "நீங்களும் இவங்க கூடத்தானா? பிச்சை எடுக்கறீங்களா?"

வேண்டுதல் நாளில் இல்லை என்று சொல்லக் கூடாதே. "ஆமாங்க" என்றேன்.

"இந்தம்மா?"

இந்த இடத்தில்தான் நான் கெட்டேன். அந்தம்மா எனக்கு யாரும் இல்லை, சும்மா பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். என் வாயில் வந்தது வேறு. "என்ற அரிசி அவங்ககிட்ட இருக்குதுங்க" என்றேன். என் அரிசியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம் எனக்கு. அவர், இரண்டு பேரும் சேர்ந்து எடுத்துப் பங்கு போடுகிறவர்கள் என்று எழுதிக்கொண்டார்.

வேனில் அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். அப்போது அவளுக்குக் கோபம் இல்லை. "பாருங்கக்கா, ஆத்தா நமக்குப் பஸ் செலவ மிச்சம் பண்ணிப்போட்டா" என்றாள். வேனில் இருந்த ஒரு கிழவர்கூடச் சிரித்தார்.

பிச்சைக்காரர்களைக் கொண்டுபோய் அடைக்கிற காப்பகம் ஊருக்கு வெளியே இருந்தது. என்னிடம் போன் இருந்தது, சாயங்காலத்துக்குள் என் மகன் ரேசன் கார்டும் ஆஸ்பத்திரிச் சீட்டுமாக வந்துவிட்டான். அங்கிருந்த மேலாளர் அம்மாவின் குரலே மாறிப்போனது. "வேண்டுதல்னு மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதுங்களாம்மா?" என்று நாற்காலி போட்டார். அரிசியை ஒரு பையில் கட்டிக் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டேன். மஞ்சள் கைக்காரி சன்னல் பக்கம் நின்றிருந்தாள்.

"நீங்க போங்கக்கா. மண்டிக்குச் சொல்லியுடச் சொல்லியிருக்கறேன். நாளைக்கு வந்து கூட்டிப் போயிருவாங்க."

ஏழு தெரு நிறையாவிட்டாலும், மறுநாள் இருந்த அரிசியில் அம்மனுக்குப் பொங்கல் வைத்தேன். நன்றாகப் பொங்கியது.

ஆனாலும் மனசு ஒப்பவில்லை. பிசிறு வெட்டும்போதெல்லாம் அந்த சன்னல் வந்து நின்றது. மகனிடம் கேட்டால், "அதெல்லாம் அன்னைக்கே உட்டிருப்பாங்கம்மா. சும்மா இருங்க" என்றான். மூன்று வாரம் சும்மா இருந்தேன். பிறகு கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் காப்பகத்துக்குப் போனேன்.

அவள் அங்கேதான் இருந்தாள்.

என்னைக் கண்டதும் கையை நீட்டிக் காட்டினாள். மஞ்சள் வெளுத்துப்போயிருந்தது. நகக்கண்ணில் மட்டும் கொஞ்சம் இருந்தது. "என்ன வேலை செய்யறேன்னு வந்தன்னைக்குக் கேட்டாங்க. இந்தக் கையத்தான் காட்டுனேன். இங்க தெனமும் பாத்திரம் கழுவ உடறாங்க. இனி எந்த அதிகாரி வந்து கேட்டாலும் காட்டறதுக்கு ஒண்ணுமில்லீங்க."

"மண்டியில இருந்து யாரும் வரலீங்களா?"

"அக்கா மகளுக்கு நான் வந்ததே தெரியாதுங்க. மண்டிக்காரங்களுக்கு நான் ஒரு ஆளுங்களா? வராட்டி வேற ஆளு. பேரேட்டுல பேரே இருக்காது. மேஸ்திரி கண்ணால பாத்துக் கூலி குடுப்பாரு, அவ்வளவுதான்." நகக்கண்ணைச் சுரண்டினாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "அந்த அரிசி இவளுதில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா போதுமே அக்கா."

ஒரு வருஷம் வரைக்கும் வைத்திருக்க முடியும் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். அது மெய்யா பொய்யா என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அன்றைக்கு அங்கே ஒரு வக்கீல் பெண் வந்திருந்தாள். கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு, ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். நான் அரை மணி நேரம் தூண் ஓரமாக நின்றேன். கடைசியில் அவளே எழுந்து வந்து, "ஏனுங்கம்மா, ஏதாச்சும் சொல்லோணுமுங்களா?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். இந்தக் கதையை நான் ஒருவரிடம் முழுசாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள். "அரிசி உங்களுதுன்னு மாஜிஸ்திரேட் முன்னாடி வந்து சொல்லுவீங்களா? சொன்னா அவங்கள வெளிய எடுத்துரலாமுங்க. அப்புறம் இன்னொண்ணு இருக்குது. இந்தப் பிச்சைத் தடுப்புச் சட்டத்து மேலயே மெட்ராஸ் ஹைகோர்ட்டுல கேஸ் போடறோம்."

எனக்கு அது விளங்கவில்லை. திருடன் மேல் கேஸ் போடுவார்கள், பங்காளி மேல் போடுவார்கள்.

"சட்டத்து மேலயேவா? அப்ப எதிர்க்கட்சி யாரு கண்ணு?"

"சர்க்காருங்க."

"சர்க்கார் கோவிச்சுக்காதுங்களா?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "கோவிச்சுக்கும். ஆனா பதில் சொல்லியாகோணும். சட்டத்துக்கெல்லாம் மேல அரசியல் சாசனம்னு ஒண்ணு இருக்குதுங்கம்மா. அதுக்கு ஒத்துவராத சட்டம் நிக்காது. எது குத்தம்னு படிக்கிறவங்களுக்குப் புரியிற மாதிரி எழுதியிருக்கோணும். புரியாம எழுதுனா, புடிக்கிறவரு நெனச்சதுதான் குத்தம்னு ஆயிரும். அதைத்தான் கேக்கறோம்."

அந்தச் சட்டத்தில் எதெல்லாம் பிச்சை என்று சொல்கிற பிரிவின் தமிழ் நகல் ஒன்றை எனக்குக் கொடுத்தாள். ஐந்தாவது வரைக்கும் படித்தவள் நான். எழுத்துக்கூட்டிப் படிப்பேன், அவசரமில்லாமல். வீட்டுக்குக் கொண்டுவந்து, பனியன் கட்டுகளுக்கு நடுவில் வைத்து மூன்று நாள் படித்தேன். பாட்டுப் பாடிக் கேட்பது, புண்ணைக் காட்டிக் கேட்பது, வீட்டுக்குள் புகுந்து கேட்பது எல்லாம் புரிந்தது. கடைசியில் ஒன்று வந்தது. கண்ணுக்குத் தெரிந்த பிழைப்பு எதுவும் இல்லாமல் பொது இடத்தில் திரிவதோ தங்குவதோ, பிச்சையில்தான் வாழ்கிறார் என்று தோன்றும்படி இருந்தால் அதுவும் பிச்சைதானாம். அங்கே நின்றுவிட்டேன்.

கண்ணுக்குத் தெரிந்த பிழைப்பு என்றால் என்ன?

அதிலிருந்து அந்த யோசனை என்னை விடவில்லை. பஸ்ஸில் போகும்போது சன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பார்க்க ஆரம்பித்தேன். கவுண்டம்பாளையத்தில் தலையில் செங்கல் சுமந்த பெண். சரி, தெரிகிறது. வடகோவையில் ஒரு மரத்தடியில் செல்போனைப் பார்த்துக்கொண்டு வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர். அவர் என்ன பிழைப்பு பிழைக்கிறார்? நிலம் விற்கிறவரா, வட்டிக்கு விடுகிறவரா, வேலை போனதை வீட்டில் சொல்லாமல் வந்து நிற்கிறவரா? ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவர் பக்கத்தில் வேன் நிற்காது. சட்டை வெள்ளை.

அப்புறம் என்னைப் பார்த்துக்கொண்டேன். என் பிழைப்பு எங்கே தெரிகிறது? கத்தரிக்கோல் அழுத்தி அழுத்திக் கட்டைவிரலில் ஒரு காய்ப்பு இருக்கிறது. அதை யாராவது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தால்தான் தெரியும். நான் வேலை செய்வது சமையலறைக்குப் பின்னால், லைட்டுக்கு அடியில். தெருவில் நடக்கும்போது நான் வெறும் கிழவி. காய்கறி வாங்கப் போகும்போதுகூட, கூடை இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். மருமகள் கேட்டாள்: "என்னுங்கத்தை, கூடைய இப்படி முன்னால நீட்டிக்கிட்டுப் போறீங்க?" ஒன்றுமில்லை என்றேன்.

மகனிடம் சொல்லாமல் முடியவில்லை. பேத்திக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்றதும் சாப்பிட்ட தட்டைத் தள்ளிவிட்டான்.

"பிள்ளைய வந்து பாக்கறேன்னு சொல்லியிருக்கறாங்க, இந்த நேரத்துலயா? பையன் ஊட்டுல கேட்டா என்ன சொல்லட்டும்? எங்கம்மா பிச்சைக் கேஸுல சாட்சின்னு சொல்லட்டுமா?"

"சாட்சி இல்ல சாமி. நான்தான் எடுத்தேன்."

"அதத்தான் சொல்ல வேண்டாங்கறேன்! யாரோ ஒருத்தி. பேரு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். என்ற அரிசியப் புடிச்சுக்கிட்டவ."

"நீங்க என்ன, புடிச்சுக்கச் சொல்லி அவளக் கெஞ்சுனீங்களா?"

"ஆமா. கேட்டேன். நாலு தெருவுல வாயே தொறக்கல. அவகிட்ட மட்டுந்தான் கேட்டேன்."

அவன் எழுந்து போய்விட்டான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் நான் செருப்பு மாட்டும்போது, ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்திக்கொண்டு நின்றான். வழியெல்லாம் ஒரு வார்த்தை இல்லை. கோர்ட் வராந்தாவில் என் பேரைக் கூப்பிட்டபோதுதான் பேசினான். "சத்தமாப் பேசுங்க. உள்ளாற யாருக்கும் கேக்காது."

அது நான் நினைத்ததைவிடச் சின்ன அறை. மின்விசிறிச் சத்தம்தான் பெரிது. மேடை மேல் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். மஞ்சள் கைக்காரி ஓரமாக நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

"அந்த அரிசி யாருடையது?"

"என்னுதுங்க."

"கேக்கலை. கொஞ்சம் உரக்கச் சொல்லுங்க."

"என்னுதுங்க! தண்ணி குடிக்கறதுக்கு நான்தான் அவங்ககிட்டக் குடுத்தேன். கீழ வெக்கக் கூடாதுங்க, அதனால."

"அப்ப நீங்க பிச்சை எடுத்தீங்க."

"எடுத்தேனுங்க. வேண்டுதலுக்கு."

"இவங்க எடுக்கல?"

"இவங்க எனக்குப் போட்டாங்க."

அந்த அம்மா காகிதத்தைப் புரட்டினார். "எடுத்த உங்களை அன்னைக்கே விட்டுட்டாங்க. போட்டவங்க ஒரு மாசமா உள்ள இருக்காங்க. எப்படி?"

எனக்கு அந்த ஒரு மாசமும் யோசித்ததில் ஒரே ஒரு பதில்தான் கிடைத்திருந்தது. "எனக்கு என்ற பையன் கார்டு எடுத்துக்கிட்டு வந்தானுங்க. அவங்களுக்கு வாரதுக்கு ஆளில்லீங்க. வேற ஒண்ணுமில்லீங்க."

அந்த அம்மா பேனாவை எடுத்தார். எனக்கு எங்கிருந்தோ துணிச்சல் வந்துவிட்டது. "ஒண்ணு கேக்கலாமுங்களா? கண்ணுக்குத் தெரிஞ்ச பிழைப்புன்னு போட்டிருக்குதுங்களே. அது யாரு கண்ணுக்குங்க?"

வக்கீல் பெண் என் முழங்கையைத் தொட்டாள். மேடை அம்மா கோபிக்கவில்லை. "இந்தக் கேள்விக்கு இந்த ரூமுல பதில் சொல்ல முடியாதும்மா. அது மேல் கோர்ட்டுல கேக்க வேண்டியது" என்றார். பிறகு மஞ்சள் கைக்காரியை விட்டுவிடச் சொல்லி எழுதினார். எழுத எடுத்த நேரம், நான் ஒரு பனியனுக்குப் பிசிறு வெட்டுகிற நேரம்கூட இல்லை.

வெளியே வந்ததும் வக்கீல் பெண் அவளிடம் பெரிய கேஸைப் பற்றிச் சொன்னாள். பாதிக்கப்பட்டவர் என்று அவள் பேரும் சேர்ந்தால் பலமாக இருக்குமாம்.

"வேண்டாமுங்க" என்றாள் அவள் உடனே. "ஒரு மாசம் போச்சு. மண்டிக்கு மஞ்ச வரத்து இருக்கற நேரம் இது. நான் மெட்ராசுக்குத் தேதி தேதியாப் போனா, ஈரோட்டுல என்ற எடத்துல வேற ஆளு உக்காந்திருக்கும்."

வக்கீல் பெண் அவளை வற்புறுத்தவில்லை. என்னைப் பார்த்தாள். நான் மகனைப் பார்த்தேன். அவன் ஸ்கூட்டர் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு எங்கேயோ பார்த்தபடி, "கேள்வி கேட்டது நீங்கதான? நீங்களே போய்க் கேளுங்க" என்றான். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். எழுத்துக்கூட்டி என் பேரைப் போட்டேன். கேஸ் இன்னும் நடக்கிறது. சர்க்கார் பதில் சொல்ல நேரம் கேட்டிருக்கிறதாம். பெண் பார்க்க வந்தவர்களிடம் மகனே இதைச் சொல்லிவிட்டான். அவர்கள் வீட்டிலும் ஒரு மடிப்பிச்சை பாக்கி இருந்ததாம். போலீஸ் பிடிக்காத ஏரியா எது என்று என்னிடம் கேட்டுக்கொண்டு போனார்கள்.

கோர்ட்டில் அவளை விட்ட அன்றைக்கு, அவளைப் பஸ் ஏற்றிவிடக் காந்திபுரத்துக்கு நான்தான் கூடப் போனேன். கோர்ட்டிலிருந்து அங்கே வருகிறவரை அவள் என்னோடு அதிகம் பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று நினைத்து நினைத்து, வாய் வரைக்கும் வந்து திரும்பிப்போனது. வண்டி வர நேரம் இருந்தது. ஒரு கம்பிப் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தோம்.

ஒரு போலீஸ்காரர் தடியை ஆட்டிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார். எனக்குத் தெரியாமலே நான் எழுந்து நின்றுவிட்டேன். கை தானாகவே கூடையைத் தேடியது, கூடை இல்லை. அவள் எழவில்லை. என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்கக்கா. நாம என்ன பண்ணுனோம்?"

உட்கார்ந்தேன். போலீஸ்காரர் எங்கள் முன்னால் வந்து நின்றார். "எங்கீங்கம்மா போகோணும்?"

அவள் தலையை நிமிர்த்திக்கொண்டு, "ஈரோட்டுக்குங்க" என்றாள்.

"ஈரோட்டு வண்டி அந்தக் கோடியில நிக்குதுங்க. இப்ப எடுத்துருவான், ஓடுங்க."

இருவரும் ஓடினோம். அவளுடைய துணிப்பையை நான் பிடித்துக்கொண்டேன். அவள் படியில் ஏறிய பிறகு சன்னல் வழியாகக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "நீங்க பஸ் ஏறற வரைக்கும் இங்க நிக்க வேண்டாம், உக்காந்தே இருங்க" என்றாள். வண்டி கிளம்பிவிட்டது. நான் திரும்பிப் போய் அதே பெஞ்சில், எனக்கு வேண்டிய பஸ் இரண்டு போன பிறகும், கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.